எந்த வைகாசி பன்னிரண்டு?

தேதி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். என் நாட்குறிப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடது மூலையில் இங்கிலீஷ் தேதி, வலது மூலையில் தமிழ்த் தேதி, நடுவில் கிழமை இருக்கும். அப்படிப்பட்டவன் இந்தக் குறிப்பில் வருஷத்தை மட்டும் எழுதாமல் விடுகிறேன். வருஷத்தை எழுதினால் நான் சொல்லப்போகும் ஆளின் பெயரை எழுதின மாதிரி. இந்த நூற்றாண்டு பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, கல்கத்தா டிராம் வண்டிகளில் குதிரை போய் மின்சாரம் வந்திருந்தது என்பது வாசகருக்குப் போதும்.

நான் தை மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தேன். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு தாலுகா கச்சேரியில் எட்டு வருஷம் எழுதிப் பழகிய கையெழுத்துதான் எனக்குச் சிபாரிசு. சர்வகலாசாலை ஆபீஸில் வைஸ் சான்சலருடைய கடிதங்களைப் பிரதி எடுப்பதும், அவருடைய தேதிப் புத்தகத்தை வைத்துக்கொள்வதும் என் வேலை. காளிகாட் பக்கம் இரண்டு அறை எடுத்து என் மனைவியோடு குடியிருந்தேன்.

முதல் வாரமே வைஸ் சான்சலருடைய உத்தியோக விவரத்தை ஒரு கடிதத்துக்காகப் பிரதி எடுக்க நேர்ந்தது. ஆற்றோரத்து ஜில்லாப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வாத்தியாராக ஆரம்பித்தவர். அங்கேயே தலைமை வாத்தியார் ஆகி, பிறகு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக ஒன்பது வருஷம் இருந்தார். அந்த ஒன்பதில் பாதியைப் படகில் கழித்ததாக அவரே சொல்வார். அதன்பின் நகரத்தில் ஒரு காலேஜில் பிரின்ஸிபால், செனட்டில் அங்கத்தினர், கடைசியில் இந்த நாற்காலி. சம்பளமில்லாத பதவி. இரண்டு வருஷத் தவணை. நான் வந்தபோது அதில் நான்கரை மாதம்தான் மீதியிருந்தது. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி முடிவு.

வங்காளத்து நாலு மூலையிலும் இருந்த காலேஜுகள் எல்லாம் எங்கள் ஆபீஸின் அங்கீகாரத்தில்தான் உயிரோடிருந்தன. அவற்றைப் பற்றி அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். “பார்க்காமல் திறக்கமாட்டேன், பார்க்காமல் மூடவும் மாட்டேன்.” செனட்டில் அவருக்கு எதிர்க்கட்சியாக இருந்த ஒரு பெரிய வக்கீல் இதைக் கேலி செய்து அவருக்குப் “படகு வாத்தியார்” என்று பெயர் வைத்திருந்தார். அது அவர் காதுக்கும் எட்டியது. “படகும் ஓட்டத் தெரியும் என்று சொல்லுங்கள்” என்றார்.

அந்த வருஷம் வழக்காக நின்றது தெற்கே ஆற்றுமுகத்தில் இருந்த ஒரு சின்ன ஊரின் காலேஜ். ஒரு பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார், மேலே இரண்டு வருஷ வகுப்பு சேர்த்து நடத்திவந்தார். தற்காலிக அங்கீகாரம் அந்த மே மாதத்தோடு தீர்கிறது. “மாட்டுக் கொட்டகைக்கெல்லாம் பட்டம் கொடுக்கப் போகிறோமா?” என்று வக்கீல் கேட்டிருந்தார். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், தகுதியில்லை என்றால் நானே எதிர்த்து ஓட்டுப் போடுகிறேன் என்று வைஸ் சான்சலர் செனட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த வைஸ் சான்சலர் அந்த வக்கீல்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அப்படியானால் அந்தக் காலேஜுக்கு ஆயுள் இவர் தவணையோடு சரி.

பங்குனி மாதம் ஒரு காலை, பாலிகஞ்சில் அவர் வீட்டு வராந்தாவில், அந்தத் தலைமை வாத்தியாருக்கு எழுதவேண்டிய கடிதத்தைச் சொன்னார். பாலிகஞ்ச் அப்போது ஊருக்கு வெளியே மாதிரி. மாந்தோப்பும் குளமும் நடுவே வீடுகள். மொபஸல்காரர்களுக்கு, அதாவது வெளியூர்க்காரர்களுக்கு, கடிதம் என்றால் அவர் வங்காளித் தேதியில்தான் யோசிப்பார். ஆபீஸ் கடிதத்தில் இங்கிலீஷ் தேதிதான் இருக்கவேண்டும் என்பது சட்டம். மாற்றி எழுதுவது என் வேலை.

“பொய்ஷாக் பன்னிரண்டாம் தேதி வருகிறேன் என்று எழுதிவிடு.”

பொய்ஷாக் என்றால் வைசாகம். வைசாகம் என்றால் வைகாசி. எனக்கு அதில் சந்தேகமே எழவில்லை. ஆபீஸில் வந்து உட்கார்ந்ததும், பொடோ பாபு என்று எல்லோரும் அழைக்கும் தலைமைக் குமாஸ்தா தம்முடைய வங்காளிப் பஞ்சாங்கத்தை என் பக்கம் தள்ளினார்.

“பஞ்சிகா வேணுமா, மாத்ராஜி பாபு?”

“வேண்டாம் பாபு. எங்கள் ஊரில் பல் முளைக்கும் முன்னே பஞ்சாங்கம் படித்துவிடுவோம்.”

“அப்படியா! அதுதான் உங்கள் பேச்சு இவ்வளவு வேகம். நாக்கைத் தடுக்கப் பல் இல்லையே” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் பஞ்சிகாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வைகாசி பன்னிரண்டு, மே மாதம் இருபத்தைந்தாம் தேதி. கடிதத்திலும் எழுதினேன், தேதிப் புத்தகத்திலும் எழுதினேன். தவணை முடிய ஆறு நாள் முன்னதாக வைத்திருக்கிறாரே, நெருக்கமாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. பெரியவர்கள் கணக்கு என்று விட்டுவிட்டேன். மே மாதம் முழுதும் கோடை விடுமுறை, செனட் கூடாது என்பது மூன்று மாதத்துக் குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை.

சித்திரை முதல் தேதி வீட்டில் வேப்பம்பூப் பச்சடியோடு வருஷம் பிறந்தது. மறுநாள், ஏப்ரல் பதினாலு, வியாழக்கிழமை. ஆபீஸில் எல்லோரும் புது வேஷ்டி. பொடோ பாபு என் மேஜையில் இலையில் சுற்றிய சந்தேஷ் மிட்டாய் ஒன்றை வைத்தார்.

“சாப்பிடுங்கள். புது வருஷம்.”

“எங்களுக்கு நேற்றே பிறந்துவிட்டது, பாபு.”

“ஒரு நாள் முந்திக்கொண்டீர்களா? சரி, எங்களுக்கு இன்றைக்குத்தான் பொய்ஷாக் முதல் தேதி.”

சந்தேஷ் வாயில் பாதி, கையில் பாதி.

“பொய்ஷாக்கா? அதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே!”

“என்ன ஒரு மாதம்? நேற்றோடு சொய்த்ரோ முடிந்தது. இன்றைக்குப் பொய்ஷாக். உங்கள் ஊரில் சூரியன் வேறா?”

சூரியன் ஒன்றுதான். அவன் மேஷத்தில் நுழைகிற மாதத்தை நாம் சித்திரை என்கிறோம், அவர்கள் வைசாகம் என்கிறார்கள். நம் வைகாசி அவர்களுக்கு ஜ்யோய்ஷ்டோ. பன்னிரண்டு மாதமும் இப்படி ஒரு வீடு தள்ளி நிற்கிறது. அவர் சொன்ன பொய்ஷாக் பன்னிரண்டு ஏப்ரல் இருபத்தைந்து. இன்னும் பதினோரு நாள். நான் அந்தத் தலைமை வாத்தியாருக்கு மே இருபத்தைந்து என்று, முத்திரை வைத்த காகிதத்தில், அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பாதி நாள் ஆபீஸ். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“பேரிலேயே பொய் இருக்கே, பொய்ஷாக்னு! அப்பவாவது தோண வேண்டாமா?” என்றாள்.

“பரிகாசம் பண்ணாதே. இப்போ என்ன செய்யறது? தந்தி ஒண்ணு அனுப்பி, தேதி மாறிடுத்துன்னு சொல்லிட்டா, அவருக்குத் தெரியாமலே...”

“ஏன்னா, கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள்னு கேட்டிருக்கேளா? இங்கே பதினோரு நாள் இருக்கு. மிச்சம் மூணு நாளைக்கு எங்கே போவேள்? போய்ச் சொல்லிட்டு வாங்கோ. காப்பி வந்து சாப்பிடலாம்.”

மாலை நாலு மணிக்குப் பாலிகஞ்ச் போனேன். அவர் தோட்டத்தில் பிரம்பு நாற்காலியில் பரீட்சைக் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே முழுதும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இரு, இரு. சித்ரா நட்சத்திரத்தில் பௌர்ணமி வருகிற மாதம் தானே சைத்ரம்? உங்களுக்கு அந்தப் பௌர்ணமி எந்த மாதத்தில்?”

“எங்கள் சித்திரையில்தான் சித்ரா பௌர்ணமி கொண்டாடுகிறோம், ஐயா. சில வருஷம் பங்குனிக் கடைசியிலேயே வந்துவிடும்.”

“அப்படியானால் அந்தப் பௌர்ணமி இரண்டு மாதத்திலும் கால் வைக்கிறது. தப்பு உன்மேல் பாதி, சந்திரன்மேல் பாதி” என்றார். பிறகு முகம் மாறியது. “ஆனால் செனட் ஏப்ரல் முப்பதாம் தேதி. அதற்கப்புறம் மழைக்காலத்தில்தான் கூடும். அப்போது நான் இங்கே உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் காலேஜ் செத்துவிடும். தந்தி கொடு. பன்னிரண்டாம் தேதி வருகிறேன் என்று சொல். எந்தப் பன்னிரண்டு என்றும் சொல்.”

மூன்றாம் நாள் பதில் தந்தி வந்தது. தாங்கள் மே மாதம் வருவதாக எழுதியதால் புதுக் கூரை போடுவதற்காகப் பழைய கூரையைப் பிரித்தாகிவிட்டது. தயவுசெய்து மே மாதமே வரவேண்டும்.

நான் அதை அவர் மேஜையில் வைத்தேன். கூரையில்லாத காலேஜைப் பார்த்துவிட்டு வந்து என்ன சொல்லமுடியும்? வக்கீல் சொன்ன கொட்டகை என்ற வார்த்தைகூட அதற்குப் பெருமையாகிவிடும். பொடோ பாபு, “உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், ஹுஸூர். அறிக்கையை எழுத்தில் வைத்துவிடலாம்” என்றார்.

“பார்க்காமலா?” என்றார் வைஸ் சான்சலர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பொய்ஷாக் பன்னிரண்டு, திங்கட்கிழமை, விடிகாலையில் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் ரயிலேறினோம். அவரும் நானும் மட்டும். ரயில் தீர்ந்த இடத்தில் படகு. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு வருஷம் அவரை நாற்காலியில் பார்த்தவர்கள் அவரைப் பார்க்கவே இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

கரையில் தலைமை வாத்தியார் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கும்பிட்ட கை இறங்கவில்லை.

“நான் என்ன செய்வேன்? மே மாதம் என்று எழுதியிருந்தீர்கள். தங்களுக்காகத்தான் பிரித்தேன்.”

“நான் எழுதவில்லை. இவர் எழுதினார்” என்று என்னைக் காட்டினார் வைஸ் சான்சலர். “இவர் ஊரில் வருஷம் ஒரு நாள் முன்னே பிறக்கும், மாதம் முப்பது நாள் பின்னே வரும்.”

தலைமை வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

மண்சுவர் நான்கு பக்கமும் நின்றது. மேலே மூங்கில் எலும்புக்கூடு, அதற்குமேல் ஆகாயம். வகுப்பு பலாமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. புஸ்தகசாலை? மரக்கிளையில் ஒரு பெரிய கொசுவலையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் பலகை போட்டுப் புஸ்தகங்களை அடுக்கியிருந்தார்கள். தூசியும் அணிலும் படாமலிருக்க என்றார் தலைமை வாத்தியார், வெட்கத்தோடு.

வைஸ் சான்சலர் கூரையைப் பற்றிப் பேசவே இல்லை. மாணவர்களோடு கடைசிப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து தர்க்க வகுப்பு முழுதும் கேட்டார். நடுவே ஒரு மாணவனைப் பார்த்து, “கூரை உள்ளதெல்லாம் காலேஜ். இங்கே கூரை இல்லை. ஆகவே இது காலேஜ் அல்ல. சரியா?” என்றார்.

அவன் எழுந்து நின்றான். “முடிவு தப்பு, ஐயா. கூரை உள்ளதெல்லாம் காலேஜ் என்றால், கூரை இல்லாத காலேஜும் இருக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தி, “முதல் வாக்கியமும் தப்பு. எங்கள் மாட்டுக்கும் கூரை இருக்கிறது” என்றான்.

பாய் முழுதும் சிரித்தது. தலைமை வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வடமேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மை கொட்டினதுபோல ஒரு மேகம் ஏறிக்கொண்டிருந்தது. வங்காளத்தில் அந்த மாதத்துப் புயலுக்குக் கால்பொய்ஷாகி என்று பெயர். அந்தப் பெயரை முன்னமே கேட்டிருந்தால் எனக்கு மாதம் பிசகியிராது.

காற்று வந்தது. யாரும் உத்தரவு கொடுத்ததாக எனக்குக் காதில் விழவில்லை. பாயிலிருந்த அத்தனை பேரும் கொசுவலைக்கு ஓடினார்கள். ஆளுக்கு இரண்டு, மூன்று புஸ்தகம். வேஷ்டி மடியில் கட்டிக்கொண்டு அரை பர்லாங்கு தள்ளியிருந்த கோயில் மண்டபத்துக்கு ஓட்டம். வைஸ் சான்சலர் மடியில் ஒரு தடித்த அகராதி. என் மடியில் இரண்டு ரசாயனப் புஸ்தகம். என்னுடைய குடையும், ஒருவனுடைய சட்டையும், எல்லோருடைய செருப்பும் காற்றோடு போயின. மண்டபத்தில் தலைமை வாத்தியார் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட நனையவில்லை. நாங்கள்தான் நனைந்திருந்தோம்.

ஏப்ரல் முப்பது, சனிக்கிழமை. செனட் மண்டபத்தில் சுவரோரம் உட்கார்ந்து நான் குறிப்பெடுத்தேன். வக்கீல் எழுந்தார். விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது.

“மாண்புமிகு வைஸ் சான்சலர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். தாங்கள் பார்த்த காலேஜுக்குக் கூரை இருந்ததா?”

“இல்லை.”

மண்டபத்தில் சலசலப்பு. வக்கீல் உட்காரப் போனார்.

“இன்னும் முடிக்கவில்லை” என்றார் வைஸ் சான்சலர். “கூரை இல்லாததற்குக் காரணம் என் ஆபீஸ் எழுதிய ஒரு தப்பான தேதி. அந்தப் பொறுப்பு என்னுடையது. கூரை இருந்திருந்தால் நான் ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். புயல் வந்தபோது அந்தக் காலேஜில் ஒவ்வொருவரும் முதலில் எடுத்தது புஸ்தகம். என் இன்ஸ்பெக்டர் காலத்தில் பெரிய கட்டடங்களில் தீப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே முதலில் எடுத்தது நாற்காலி.”

என் பெயரை அவர் சொல்லவில்லை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

நெடுநேரம் வாதம் நடந்தது. கடைசியில் வக்கீலே ஒரு நிபந்தனை வைத்தார்: மே மாதம் முடிவதற்குள் கூரை போட்டு முடித்ததை ஆபீஸிலிருந்து ஒருவர் நேரில் பார்த்துச் சான்று எழுதவேண்டும், அதில் வைஸ் சான்சலர் கையெழுத்திட்டால்தான் அங்கீகாரம் செல்லும். அந்த நிபந்தனையோடு தீர்மானம் நிறைவேறியது.

வெளியே வரும்போது அவர் என் பக்கம் திரும்பினார். “பஞ்சிகா பாபு, நீ அவர்களுக்கு ஒரு தேதி கொடுத்திருக்கிறாய் அல்லவா?”

“ஆமாம், ஐயா. வைகாசி பன்னிரண்டு.”

“கொடுத்த தேதியைக் காப்பாற்று.”

மே இருபத்தைந்து, புதன்கிழமை, நான் தனியாக ரயிலேறினேன். தலைமை வாத்தியார் கரையில் நின்றிருந்தார். “இந்தத் தடவை எந்தக் கணக்குப்படி வந்தீர்கள்?” என்று கேட்டார். “எங்கள் வைகாசி பன்னிரண்டு, உங்கள் ஜ்யோய்ஷ்டோ பதினொன்று” என்றேன். அப்போதுதான் முதல்முறையாக அவர் சிரித்து நான் பார்த்தேன்.

புதுக் கூரை பொன்னிறமாக இருந்தது. இரவு பகலாக மாணவர்களும் சேர்ந்து வேய்ந்ததாகச் சொன்னார். பார்த்தேன், சுற்றி நடந்தேன், சான்று எழுதிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. கூரை என்றால் மழையில் பார்க்கவேண்டும். மூன்று மணிக்கு மேகம் வந்தது, மழையும் வந்தது. இருவரும் வகுப்பறை நடுவில் நின்று கழுத்து வலிக்க மேலே பார்த்தோம். கால் மணி, அரை மணி. முக்கால் மணியில், வடகிழக்கு மூலையில், ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

தலைமை வாத்தியார் அந்தச் சொட்டுக்கு நேரே போய் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். தரையில் விழாவிட்டால் நான் பார்க்கவில்லை என்று ஆகிவிடும் என்பதுபோல. “நாளைக்கே சரிசெய்துவிடுவேன்” என்றார்.

நான் எழுதினேன்: கூரை முழுதும் போடப்பட்டிருக்கிறது. மழையில் முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். வடகிழக்கு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒழுக்கு. அவர் என் தோளுக்குமேல் எட்டிப் படித்தார். படகுவரை வந்தார். ஒருமுறை தேதியைத் தப்பாக எழுதினேன். இன்னொரு தப்பை எழுத என் கை வரவில்லை. ஆனாலும் படகில் வழியெல்லாம் அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டே வந்தேன். அந்த வரியால் கையெழுத்து நின்றால், இரண்டு தடவையும் அந்தக் காலேஜைக் கெடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

மே முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை, அவருடைய கடைசி நாள். ஆபீஸில் மாலை மரியாதை எதுவும் வேண்டாம் என்று பாலிகஞ்ச் வீட்டிலேயே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் சான்றை இரண்டு தடவை படித்தார். பொடோ பாபு பக்கத்தில் நின்றார்.

“ஒழுகுகிறதாமே” என்றார் வைஸ் சான்சலர்.

“உள்ளங்கை அகலம்தான், ஐயா” என்றேன்.

“இந்த வீடு கட்டி ஆறு வருஷம் ஆகிறது. படிக்கட்டின்மேல் ஒழுகுகிறது, பூஜை அறையிலும் ஒழுகுகிறது. என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.” பேனாவை மையில் தொட்டு எடுத்தார். “அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் மேலே உள்ள வரியை நான் நம்பியிருக்கமாட்டேன்.”

கையெழுத்துப் போட்டார். கீழே இங்கிலீஷ் தேதி, அதற்குக் கீழே வங்காளித் தேதி. பிறகு காகிதத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவையும் கொடுத்தார். நான் மூன்றாவதாக எழுதினேன்: வைகாசி பதினெட்டு.

பொடோ பாபு குனிந்து பார்த்து, தம்முடைய பஞ்சிகாவை எடுத்து, மூன்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் முத்திரை வைத்தார்.